பூச்சி மாத்திரை கொடுத்தும் நாடாப்புழு திரும்ப வருதா? அப்போ தெள்ளுப்பூச்சிய பாருங்க

நாயோ பூனையோ படுத்து எழுந்த இடத்துல அரிசி மாதிரி வெள்ளையா ஏதாவது நெளியுதா, இல்ல வாலுக்கு அடியில முடியில காஞ்ச எள்ளு மாதிரி ஒட்டிருக்கா, அது நாடாப்புழுவோட துண்டு. முழுப்புழு குடல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், அரை மீட்டர் கூட வளரும், முத்தின துண்டுகள மட்டும் கழட்டி வெளிய விடும். அந்த துண்ட ஒரு டப்பாவுல போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, ஏன்னா முட்டையெல்லாம் துண்டுக்குள்ளயே இருக்கறதால மலம் டெஸ்ட்ல பல தடவ ஒண்ணும் இல்லைனு வந்துடும்.

எல்லா பூச்சி மாத்திரையும் இதுக்கு கேட்காது. பைரான்டல் உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு தான், ஃபென்பென்டசோலும் தெள்ளு மூலமா வர்ற நாடாப்புழுவ கொல்லாது. அட்டையில பிராசிக்வான்டெல்னு இருக்கானு பாருங்க, எடை போட்டு டாக்டர் சொல்ற டோஸ் கொடுங்க. செத்த புழு பெரும்பாலும் குடல்லயே செரிச்சுடும், மலத்துல வரலயேனு பயந்து இன்னொரு மாத்திரை போட்டுடாதீங்க ப்ளீஸ்.

இப்போ நிறைய பேர் விட்டுடற விஷயம். தெள்ளுப்பூச்சியோட குஞ்சுப்புழு அந்த துண்டுல இருக்கற நாடாப்புழு முட்டைய தின்னுது, அது வளர்ந்து தெள்ளா மாறி உடம்புல ஏறுது, நாய் அரிக்குதுனு கடிக்கும்போது அந்த தெள்ள முழுங்கிடுது, சுமார் 3 வாரத்துல மறுபடியும் துண்டு விழ ஆரம்பிக்குது. மாத்திரை அன்னிக்கு உள்ள இருக்கற புழுவ தான் கொல்லும், நாளைக்கு முழுங்கப்போற தெள்ள தடுக்காது.

அதனால வீட்டுல இருக்கற எல்லா நாய் பூனைக்கும் ஒரே நேரத்துல தெள்ளு மருந்து போடுங்க, அரிப்பு இல்லாததுக்கும் சேர்த்து. ஒண்ணு மட்டும் மறக்கவே கூடாது, பெர்மெத்ரின் இருக்கற நாய் மருந்த பூனைக்கு போட்டா வலிப்பு வந்து உயிரே போயிடும். படுக்கைய சுடுதண்ணில துவைங்க, சோபா இடுக்கு, கட்டில் அடியெல்லாம் வேக்கம் போடுங்க, கூட்டுப்புழுவா கூடு கட்டி உள்ள இருக்கற தெள்ளு மாசக்கணக்குல காத்திருக்கும், அதனால ஒரு தடவையோட நிறுத்தாம சில மாசம் விடாம செய்யணும்.

தெள்ளே இல்லைனு தோணுதா? நெருக்கமான பல் சீப்பால வாரி, விழற கருப்பு தூள ஈரமான வெள்ள பேப்பர்ல வைங்க, செவப்பா ஊறுனா அது தெள்ளு குடிச்ச ரத்தம். சுத்தமா தெள்ளு இல்லாம துண்டு விழுதுனா எலி பிடிச்சு தின்னுதா, பச்சை கறி கொடுக்கறீங்களானு யோசிங்க, அந்த வழியா வர்றது வேற வகை நாடாப்புழு, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.