மாற்றுத்திறனாளி தனித்து வாழ அக்கம்பக்கத்தார் துணைநிற்பது எப்படி?

சட்டை மாட்டிவிட ஒருவருக்கு இன்னொருவரின் கை தேவைப்படலாம். ஆனால் எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, யார் மாட்டிவிடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார் என்றால் அவர் சுதந்திரமாக வாழ்கிறார். 1972இல் மாற்றுத்திறனாளியான எட் ராபர்ட்ஸும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தொடங்கிய சுதந்திர வாழ்வு மையம் இந்த எண்ணத்தின் மீதே எழுந்தது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு உறுதிசெய்கிறது.

உதவ விரும்பும் அக்கம்பக்கத்தார் ஒரு குழுவாகச் சேர்ந்தால், என்ன உதவி வேண்டும் என்று முதலில் அந்த மாற்றுத்திறனாளியிடமே கேளுங்கள். உறவினரிடம் கேட்பது அதற்கு ஈடாகாது. விழிப்பது முதல் உறங்குவது வரையிலான ஒரு வாரத்து வேலைகளை அவரோடு அமர்ந்து எழுதி, அவர் தானே செய்பவை, நேரம் கொடுத்தால் செய்பவை, கருவி இருந்தால் செய்பவை, ஆள் தேவைப்படுபவை எனப் பிரித்துக்கொள்ளுங்கள். நேரம் கொடுத்தால் செய்யக்கூடியவற்றைத்தான் உதவ வருபவர்கள் பொறுமையின்றிப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதால், அந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்துடன் எழுதவேண்டும்.

குளிப்பாட்டுதல், கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்ற அன்றாடப் பணிகளை அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை நம்பி விடக்கூடாது. நல்லெண்ணம் பண்டிகை நாளில் ஊருக்குப் போய்விடும். அவற்றுக்கு, அவரே தேர்ந்தெடுக்கவும் வேண்டாமென்றால் நிறுத்தவும் கூடிய, ஊதியம் பெறும் உதவியாளர் வேண்டும். அந்த ஊதியத்துக்கான அரசு உதவித்தொகையைப் பெற விண்ணப்பிக்கவும் விடாமல் தொடரவும் துணைநிற்பது குழுவால் செய்யக்கூடிய பெரிய உதவி. உதவியாளர் வராத காலையில் யாரை அழைப்பது என்பதற்கு இருவர் பெயராவது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். சுவாசக் கருவியோ மின்சக்கர நாற்காலியோ பயன்படுத்துபவராக இருந்தால், மின்தடையின்போது என்ன செய்வது, மாற்றுச் சாவி யாரிடம் இருப்பது ஆகியவற்றையும் அவர் சொற்படி எழுதி வையுங்கள்.

கட்டட மாற்றங்களில், சக்கர நாற்காலி ஏறி இறங்குவதற்கான சாய்தளமே அதிகம் பிழையாகிறது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதன்படி 30 செ.மீ. உயரப் படிக்கு 3.6 மீட்டர் நீளம் தேவை. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் ஏறுவது கடினம், இறங்குவது ஆபத்து. பார்வையற்றவர் வீட்டில் பொருள்களை இடம் மாற்றாதிருப்பதே பாதி உதவி. காது கேளாதவருக்காகக் குழுவில் சிலராவது சைகை மொழி கற்கவேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு முடிவெடுக்கத் துணை தேவைப்படலாம். எளிய வாக்கியங்களில், படங்களைக் காட்டி, அவகாசம் தந்து விளக்குங்கள். பிறகு அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும், சற்றே நட்டம் தருவதாக இருந்தாலும், அதை மாற்ற முனையாதீர்கள்.

மாதம் ஒருமுறை அவர் தலைமையிலேயே கூடி, எந்த உதவியைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்று பேசுங்கள். உதவுபவரைப் பற்றியே அவருக்குக் குறை இருக்கக்கூடும் என்பதால், அன்றாட உதவியில் பங்கேற்காத ஒருவரை, அவர் நம்பிப் பேசுவதற்கென்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.