"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வது?

வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் எந்தக் கம்பெனி இன்டர்வியூ என்றாலும் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். அப்பா பெயர், ஊரெல்லாம் பயோடேட்டாவிலேயே இருக்கிறது, அதையே ஒப்பிக்காதீர்கள். படிப்பு, கையால் செய்த வேலை, அது இங்கே எப்படி உதவும், அவ்வளவுதான், ஒரு நிமிடத்துக்குள். "ஃபிட்டர் வேலை தெரியும்" போதாது. "பம்ப் கழற்றி பேரிங், சீல் மாற்றுவேன்" என்றால் அடுத்த கேள்வியும் உங்களுக்குத் தெரிந்ததிலேயே வர வாய்ப்பு அதிகம்.

பலர் சறுக்குவது "ஷிஃப்டுக்குச் சரியான நேரத்துக்கு வருவீர்களா?" என்ற கேள்வியில். வெறும் "வருவேன் சார்" நம்பிக்கை தராது. "வீடு திருவொற்றியூர், பைக் இருக்கு, 6 மணி ஷிஃப்டுக்கு 5 மணிக்கே கிளம்பிடுவேன், கன்டெய்னர் லாரி நெரிசலுக்கும் சேர்த்துத்தான் சார்" என்று சொல்லுங்கள்.

சம்பளம் பேசும்போது, சொல்லும் தொகை மொத்தமா, கைக்கு வருவதா என்று கேட்டுவிடுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பொதுவாக 12 சதவீதம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிப்பார்கள்.