ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கலாமா? முடிவு செய்யும் முன் கணினியில் பார்க்க வேண்டியவை

எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது உங்கள் கணினியில் எது ஓடிக்கொண்டிருக்கிறது? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்று இருந்தால் அது விண்டோஸோடு வந்தது. இலவசம், சந்தா எதுவும் இல்லை. நீங்கள் நிறுவாத வேறு பெயர் இருந்தால், லேப்டாப் தயாரித்தவர்கள் ஏற்றி அனுப்பிய சோதனைப் பதிப்பாக இருக்கும். அது ஓடும்வரை டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். சோதனைக் காலம் முடிந்த பிறகும் அதை நீக்காமல், மூலையில் எட்டிப்பார்க்கும் ‘புதுப்பிக்கவும்’ பெட்டியை மூடி மூடியே காலம் தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலாவதியான கட்டண மென்பொருளை வைத்திருப்பதற்கு இலவசமானது எவ்வளவோ மேல். ஒன்று சந்தா கட்டுங்கள், இல்லை தூக்கிவிடுங்கள்.

டிஃபெண்டர் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2009-ல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தனியாக இறக்கிக்கொள்ளும் மென்பொருளாக வந்தது, 2012-ல் விண்டோஸ் 8-க்குள்ளேயே சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் சோதனைக்கூடங்களில் அது வாங்கிய மதிப்பெண்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்தக் கெட்ட பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகவே நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று பிரிவுகளில் தலா 6 புள்ளிகள் தருகிறது, மொத்தம் 18. அந்தப் பட்டியலில் டிஃபெண்டர் இப்போது வழக்கமாகக் கட்டண மென்பொருள்களின் பக்கத்திலேயே நிற்கிறது.

இந்தப் பட்டியல்களைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. 17.5-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக் கணினியில் தெரியவே தெரியாது. ஒரே ஒரு மாத முடிவை நம்பாமல் நாலைந்து சுற்றுகளைச் சேர்த்துப் பாருங்கள். தவறான எச்சரிக்கை எத்தனை என்பதையும் பாருங்கள். நல்ல கோப்புகளையெல்லாம் வைரஸ் என்று கூவும் மென்பொருளை வீட்டில் யாரும் கொஞ்ச நாளில் மதிக்க மாட்டார்கள். ஆஸ்திரியாவில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸின் அறிக்கைகளில் இன்னொரு தகவலும் கிடைக்கும்: இணைய இணைப்பு இல்லாதபோது எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கு. டிஃபெண்டர் தன் மூளையின் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடில் வைத்திருப்பதால், இணையம் இல்லாத நேரத்தில் அதன் பிடி பொதுவாகவே தளர்ந்துவிடும். பென்டிரைவ் மட்டுமே வந்து போகிற, இணையம் எப்போதாவது கிடைக்கிற கணினி உங்களுடையது என்றால் அந்தக் கணக்கைப் பார்த்து வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க வைஃபையில் இருக்கும் கணினிக்கு இது பொருட்டே இல்லை.

சரி, காசு எதற்குப் போகிறது? பலரும் நினைப்பது, கட்டணப் பதிப்பு அதிக வைரஸ்களைப் பிடிக்கும் என்று. ஆனால் ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் வைரஸைத் தேடிப் பிடிக்கப் பெரும்பாலும் ஒரே ஸ்கேன் இன்ஜினைத்தான் பயன்படுத்துகின்றன. அவாஸ்டும் அப்படி, பிட்டிஃபெண்டரும் அப்படி. காசு கூடக் கூடச் சேர்வது விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வசதி), பாஸ்வேர்டு மேனேஜர், குழந்தைகள் கட்டுப்பாடு, கூடுதல் சாதனங்கள், தொலைபேசி உதவி போன்றவை. மால்வேர்பைட்ஸ் மட்டும் இதில் வேறு ரகம். அதன் இலவசப் பதிப்பு நீங்கள் சொன்னால்தான் ஸ்கேன் செய்யும், பின்னணியில் காவல் காக்காது. சந்தேகம் வரும்போது இரண்டாவது கருத்து கேட்க நன்றாக இருக்கும், அதை மட்டுமே நம்பி இருக்க முடியாது.

ஆகவே விலைப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் நேரே ‘இது எனக்கு வேண்டுமா, இலவசமாக வேறெங்காவது கிடைக்கிறதா’ என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பாஸ்வேர்டுக்கு பிட்வார்டன் இலவசமாகவே போதுமானது. குழந்தைகள் எவ்வளவு நேரம் கணினியில் இருக்கலாம் என்பதை மைக்ரோசாஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்டியிலேயே அமைக்கலாம். கூட வரும் விபிஎன்னில் தினசரி டேட்டா அளவு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். படம் பார்க்கலாம் என்று நினைத்து வாங்கினால் சில பதிப்புகளில் அது மின்னஞ்சல் பார்க்கத்தான் காணும்.

எழுதிப் பார்த்த பிறகும் ‘வேண்டும்’ என்ற பக்கம் கனமாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வயதான பெற்றோர் தனியாகக் கணினி பயன்படுத்துகிறார்கள், சிக்கல் வந்தால் போன் செய்து கேட்க ஆள் வேண்டும் என்ற நிலை இருந்தால் நானே கட்டணப் பதிப்பைத்தான் சொல்வேன். நாலைந்து கணினிகளையும் போன்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டிய வீட்டுக்கும் அதுதான் சௌகரியம். மற்றவர்களுக்கு டிஃபெண்டர் போதும்.

அப்போ மற்ற நிறுவனங்களின் இலவசப் பதிப்புகள்? இங்கேதான் எனக்குத் தயக்கம். இலவசமாகக் கொடுப்பவரும் எப்படியாவது சம்பாதிக்க வேண்டும். பெரும்பாலும் ‘மேம்படுத்துங்கள்’ என்று நச்சரிப்பதோடு நின்றுவிடும். சிலசமயம் நிற்பதில்லை. பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024-ல் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி ஆணையம் அவாஸ்ட் மீது நடவடிக்கை எடுத்து 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஜம்ப்ஷாட்டை 2020-லேயே மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொன்ன மென்பொருளே அந்தத் தகவலைத் திரட்டியது என்பதுதான் வேடிக்கை. இன்னொன்று: அவாஸ்ட், ஏவிஜி, அவீரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஒன்றைப் பிடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவுவதற்கு முன் அது தெரிந்திருப்பது நல்லது.

காசு கொடுத்தும் தீராத விஷயம் ஒன்று உண்டு, விண்டோஸ் அப்டேட். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் ஆன்டிவைரஸ் சந்தாவுக்குக் காசு ஒதுக்குவதற்கு முன், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்வதா, விண்டோஸ் 11-க்கு மாறுவதா என்பதை முடிவு செய்ய வேண்டும்.

டிஃபெண்டரோடு இருப்பது என்று முடிவெடுத்தால் சில அமைப்புகளைக் கையோடு மாற்றிவிடுங்கள். வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி ‘ஆப் & பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். ‘டேம்பர் புரொட்டெக்‌ஷன்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், வேறு நிரல்கள் டிஃபெண்டரை அணைத்துவிடாமல் தடுப்பது அதுதான். ரான்சம்வேர் பகுதியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று இருக்கும், வழக்கமாக ஆஃபில்தான் இருக்கும். அதை ஆன் செய்தால் அறிமுகமில்லாத எந்த நிரலும் உங்கள் டாக்குமென்ட்ஸ், படங்கள் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும், ஏதாவதொரு கேம் சேவ் ஆகவில்லை என்று வீட்டில் சத்தம் கேட்கும். அந்தச் செயலியை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்து, அதைக் கழற்றியும் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களே முகவரி தட்டிப் போங்கள். ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று உலாவியில் துள்ளும் பெட்டியைத் தொட வேண்டாம். வலைப்பக்கம் உங்கள் கணினியை ஸ்கேன் செய்திருக்க வழியே இல்லை. முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் ஆண்டு விலையைத் தேடுங்கள், பல நேரங்களில் இரண்டு மடங்கைத் தாண்டும். வாங்கிய அன்றே கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். ‘உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது, பணம் திரும்ப வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று மின்னஞ்சல் வந்தால் அந்த எண்ணை அழைக்காதீர்கள், அது அநேகமாக மோசடிதான்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையதை முதலில் நீக்குங்கள். பின்னணியில் காவல் காக்கும் மென்பொருள் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியைத் திணறடிக்கும். ‘ஆப்ஸ்’ பட்டியலில் அன்இன்ஸ்டால் செய்த பிறகும் மிச்சம் மீதி தங்கும், அதற்கென்றே பெரிய நிறுவனங்கள் தனி நீக்கும் கருவி கொடுக்கின்றன. அதை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி விண்டோஸ் செக்யூரிட்டியில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஈஐகார் என்ற ஆன்டிவைரஸ் ஆராய்ச்சி அமைப்பின் சோதனைக் கோப்பை இறக்கலாம். 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு அது. ஆன்டிவைரஸ்கள் எல்லாம் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கியவுடன் எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால், ‘ரியல்-டைம் புரொட்டெக்‌ஷன்’ ஆஃபில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.