டர்பனிலிருந்து சென்னைக்கு: பி.சி.ஆர். பரிசோதனையைத் திட்டமிடுவது எப்படி?

(ஜனவரி 2022-இல் எழுதியது; கீழே சொல்லியிருக்கும் கோவிட் விதிகள் அப்போதைய விதிகளே, இன்று நடப்பில் இல்லை. பிற்சேர்க்கைகள் இறுதியில் உள்ளன.)

தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படும் நம்மவர்களுக்கு இப்போது பயணச்சீட்டைவிடப் பெரிய கவலை கோவிட் பரிசோதனை அறிக்கைதான். ஊரில் பெற்றோருக்கு உடல்நலம் இல்லை, கருமாதிக்குப் போயாக வேண்டும் என்று அவசரமாகக் கிளம்புவோரே இந்நாட்களில் அதிகம். அவர்களுக்குக் கடைசி நேர அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காக, அண்மையில் குடும்பத்தோடு சென்னைக்குச் சென்று வந்தபோது அறிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். விசா, பயணச்சீட்டு இரண்டும் கையில் இருப்பதாகவே கொள்கிறேன்.

முதலில், எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும். போய்ச் சேரும் நாடு, விமானம் மாறும் நாடு, விமான நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு; மூன்றில் எது கடுமையானதோ அதையே பின்பற்றுங்கள். செக்-இன் கவுன்டரில் இருப்பவர் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பார்ப்பது ஐயாட்டா எனும் பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் நடத்தும், நாடுவாரியான பயண விதிகளைத் தொகுத்த டிமாட்டிக் தரவுத்தளத்தைத்தான். அதே தகவலை ஐயாட்டாவின் இணையத்தளத்தில் நாமும் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. அவற்றில் பெரும்பாலும் தேதியே இருப்பதில்லை.

அடுத்தது 72 மணி நேரக் கணக்கு. இந்தியா கேட்பது, பயணம் தொடங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்த ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனை. அந்த நேரத்தை மூக்கில் மாதிரி எடுத்த நொடியிலிருந்து எண்ண வேண்டுமே தவிர, முடிவு வந்த நேரத்திலிருந்து அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் என்றால், புதன் மாலை 7 மணிக்குப் பிறகு எடுத்த மாதிரிதான் செல்லும். புதன் இரவு 8 மணிக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் துபாயில் விமானம் மாறி ஞாயிறு காலை அங்கே 9 மணிக்குப் புறப்படுவதாக இருந்து, அங்குள்ள அதிகாரி அந்தப் புறப்பாட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால், 83 மணி நேரம் ஆகியிருக்கும். வியாழன் காலை 9 மணிக்குக் கொடுத்தால் எப்படி எண்ணினாலும் 70 மணி நேரத்துக்குள் அடங்கும். முடிவு வர வெள்ளிக்கிழமை முழுவதும் கையில் இருக்கும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதியே போடுங்கள். துபாய் நமக்கு இரண்டு மணி நேரம், இந்தியா மூன்றரை மணி நேரம் முந்தியவை என்பதை மனக்கணக்கில் எளிதாக மறந்துவிடுவோம்.

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்நாட்டு ஆய்வகங்கள் நம்மைப் பதிவு செய்வது 13 இலக்க அடையாள எண்ணைக் கொண்டுதான். நீங்கள் கேட்காவிட்டால் அறிக்கையிலும் அதே எண்தான் வரும். கடவுச்சீட்டு எண் வராது. எங்களுடன் வந்த பெரியம்மாவின் அறிக்கையில் பழைய மருத்துவப் பதிவிலிருந்து எடுத்த ‘பேபி’ என்ற வீட்டுப்பெயரும் அடையாள எண்ணும் மட்டுமே இருந்தன. கடவுச்சீட்டிலோ மூன்று பெயர்கள். கவுன்டரில் இருந்த பெண் தாளையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒருவரே என்று தன்னால் ஏற்க முடியாது என்றார். ஆய்வகத்தை அழைத்துத் திருத்திய அறிக்கை மின்னஞ்சலில் வந்து சேரும்வரை பெரியம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. ஆகவே மாதிரி கொடுக்கப் போகும்போது கடவுச்சீட்டையே நீட்டுங்கள். படிவத்தில் எழுதுபவர் எழுதி முடித்ததும் பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதி, நேரம் ஆகிய ஐந்தையும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

ஆய்வகத்தைப் பொறுத்தவரை, மருந்துக்கடை வாசலில் மாதிரி எடுக்கும் கூடாரங்களைவிட மருத்துவமனை வளாகத்தில் உள்ள பெரிய ஆய்வகக் கிளைகளையே நான் விரும்புகிறேன். திருத்தம் தேவைப்பட்டால் அங்கே கேட்க ஆள் இருப்பார். வணிகப் போட்டியையும் விலைகளையும் கண்காணிக்கும் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் தலையீட்டால் 850 ரேண்டாக இருந்த கட்டணம் 2021 டிசம்பரில் 500 ரேண்டாகக் குறைந்ததால், முன்பு போல் விலையைப் பார்த்து அலைய வேண்டியதில்லை. ஆன்டிஜென் பரிசோதனை மலிவானது என்றாலும் இந்தியப் பயணத்துக்கு அது ஏற்கப்படாது. முடிவு குறுஞ்செய்தியில் வந்தாலும் பி.டி.எஃப். அறிக்கையைக் கேட்டு வாங்கி, இரண்டு பிரதிகள் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

அண்மையில் தொற்று வந்து குணமானவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. உடலில் எஞ்சியிருக்கும் வைரஸின் மரபணுத் துணுக்குகளைக்கூட பி.சி.ஆர். காட்டிக்கொடுக்கும், நலமாக இருப்பவருக்கும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் பயணத் தேதியை மாற்ற வழி உண்டு.

பிறகு, இந்தியாவுக்கு வரும் பயணிகளுக்கான ஏர் சுவிதா என்னும் இந்திய அரசின் இணையத்தளத்தில் உறுதிமொழிப் படிவத்தை நிரப்பி, அறிக்கையையும் கடவுச்சீட்டின் நகலையும் ஏற்ற வேண்டும். கடந்த 14 நாள் பயண விவரமும் கேட்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை.

2021 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதியின்படி, இங்கிருந்து செல்வோர் இந்தியாவில் இறங்கியதும் சொந்தச் செலவில் மீண்டும் பரிசோதித்து, முடிவு வரும்வரை விமான நிலையத்திலேயே காத்திருக்க வேண்டும். நெகட்டிவ் என்றாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறுபரிசோதனை. ஆதலால் சென்னையிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ அன்றே இணைப்பு விமானம் போடாதீர்கள்.

திரும்பும்போது தென்னாப்பிரிக்காவும் 72 மணி நேரத்துக்குட்பட்ட பி.சி.ஆர். அறிக்கையையே கேட்கிறது, அதில் பரிசோதித்த மருத்துவரின் பெயரும் கையொப்பமும் இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை, ஜூன் 2022: பிப்ரவரி 14 முதல் இந்தியா, தொற்று அபாயம் மிக்கவை என்று குறித்துவைத்திருந்த ‘ஆபத்து நாடுகள்’ பட்டியலையும் ஏழு நாள் தனிமையையும் நீக்கிவிட்டது. மார்ச் பிற்பகுதியிலிருந்து தடுப்பூசிச் சான்று உள்ளவர்களிடம் தென்னாப்பிரிக்கா பி.சி.ஆர். கேட்கவில்லை, ஜூன் 22 முதல் யாரிடமும் கோவிட் சான்று எதுவும் கேட்பதில்லை.

பிற்சேர்க்கை, டிசம்பர் 2022: நவம்பர் 22 முதல் ஏர் சுவிதா படிவமும் நிறுத்தப்பட்டது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகச் செல்வோர் கேட்டிருந்ததால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்நோய் உள்ள நாடுகள். விமானம் மாறும்போது அந்நாட்டு விமான நிலையத்தைவிட்டு வெளியே வராதவர்களுக்கு இந்தியா விலக்கு அளிக்கிறது. ஆனால் அதை இந்தியச் சுகாதார அதிகாரி ஏற்க வேண்டும். இல்லையேல் ஆறு நாள்வரை தனிமையில் வைக்கலாம். தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போதோ, அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்று கேட்பார்கள். ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்று செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதுமானது. நீண்ட காத்திருப்பு உள்ள பயணச்சீட்டை மலிவு என்று வாங்குவதாக இருந்தால், அந்தப் பத்து நாளையும் சேர்த்தே தேதியைத் தேர்ந்தெடுங்கள்.