மலையில்லாத ஊரில் இரண்டு மலை: சித்திரப் பாடத்தில் நாம் விடும் பிழைகள்

வன்னியில் ஒரு வகுப்புக்குள் போய், "விரும்பினதைக் கீறுங்கோ" என்று தாள் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஒரே படத்தைக் கீறுவார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அப்படி மலை எங்கே இருக்கிறது? இந்தப் பிள்ளைகள் குளக்கட்டால் சைக்கிளில் வருகிறவர்கள். வாய்க்கால், வயல், பனை, மயில், மாட்டுப்பட்டி எல்லாம் தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் தாளில் வருவது மலை. பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்லக் கூடாது. சின்ன வகுப்பிலிருந்தே கரும்பலகையில் நாங்கள் கீறிக் காட்டிய படம் அது.

மாதிரி ஒன்றைக் கீறிவிட்டு "இதைப் பார்த்துக் கீறுங்கோ" என்பதுதான் நாங்கள் அதிகம் விடும் பிழை. அதை விட்டுவிட்டால் பாடம் நடத்த முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். 40 நிமிடப் பாடத்தில் முதல் 10 நிமிடம் தாளே கொடுக்காதீர்கள். பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பனைக்கு முன்னால் நிறுத்தி, கேள்வி மட்டும் கேளுங்கள். அடி தடிப்பா, நடு தடிப்பா? காய்ந்த ஓலை எந்தப் பக்கம் தொங்குது? வடலிக்கும் பெரிய பனைக்கும் என்ன வித்தியாசம்? திரும்பி வந்து நினைவில் கீறச் சொல்லுங்கள். முப்பது பிள்ளைகள் கீறினால் முப்பது பனை வரும். தலைப்பையும் கேள்வியாகவே கொடுக்கலாம். "குளம்" என்றால் மலைதான் வரும். "நேற்றுக் குளக்கட்டில் என்ன சத்தம் கேட்டது?" என்றால் தவளை வரும், நீர்ப்பம்பி வரும், குளிக்கிற ஆட்கள் வருவார்கள்.

அடுத்தது நானே விட்ட பிழை. சில வருடத்துக்கு முன்னர் தரம் 4இல் ஒரு பிள்ளை குளம் கீறினாள். நடுவில் பெரிய வட்டம். குளக்கட்டில் நிற்கும் மரங்கள் நாலு பக்கமும் வெளியில் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. தண்ணீருக்குள் மீன்கள் முழுசாகத் தெரிந்தன. வலையில் மிதப்புக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கீறியிருந்தாள். தகப்பன் குளத்தில் வலை போடுகிறவர். நான் குனிந்து, "மரம் ஏன் பிள்ளை விழுந்து கிடக்குது? நிமித்திக் கீறு" என்றேன். "விழேல்லை ரீச்சர், சுத்தி நிக்குது" என்றாள். மணி அடித்துவிட்டது. அடுத்த கிழமை அவள் கொண்டுவந்த தாளில் இரண்டு மலையும் ஒரு சூரியனும் இருந்தன. வலை இல்லை, மீன் இல்லை.

அவள் சொன்னதுதான் சரி. குளத்தைச் சுற்றி நடக்கிற ஆளுக்கு ஒவ்வொரு மரமும் தன் இடத்தில் நேராகத்தான் நிற்கும். சித்திரக் கல்வி பற்றி 1947இல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறக்குறைய 7 முதல் 9 வயது வரை பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை விடத் தங்களுக்குத் தெரிந்ததையே கீறுகிறார்கள் என்று விளக்கினார். வீட்டுச் சுவருக்குள்ளால் அம்மா சமைப்பது தெரிவதும், விருப்பமான ஆள் வீட்டை விடப் பெரிதாக நிற்பதும் அந்த வயதின் பேச்சு. கிட்ட இருப்பது பெரிது, தூர இருப்பது சிறிது என்ற பாடத்தை, 9 வயதுக்குப் பிறகு பிள்ளையே "இது சரியாத் தெரியேல்லை" என்று வந்து நிற்கும்போது சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன்னர் திருத்தினால் பிள்ளை தன் படத்தைக் கைவிட்டு எங்கள் படத்துக்கு வந்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் பிள்ளையின் தாளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது என்கிறேன். காட்ட வேண்டுமென்றால் வேறு தாளில் கீறிக் காட்டுங்கள்.

நிறத்திலும் ஒரு வழக்கம் ஊறிக் கிடக்கிறது. பஸ்ரல் பெட்டியில் இருக்கும் வெளிறிய ரோஸ் நிறத்தைத் தோல் நிறம் என்று சொல்லிப் பழக்கிவிட்டோம். பஸ்ரலைக் கை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணிறத்தோடு செம்மஞ்சளைத் தேய்த்துத் தங்கள் நிறத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஆடி மாதத்தில் புல்லைப் பச்சையாகத் தீட்டுகிற பிள்ளையை யன்னலுக்குக் கூட்டிப்போனால் போதும்.

"சாமான் இல்லை" என்பது வன்னியில் உண்மையான கஷ்டம். ஆனால் அதைச் சொல்லிப் பாடத்தைக் கைவிட வேண்டாம். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் சிவப்பு வரும், இது பிள்ளைகளுக்கு எங்களுக்கு முன்னரே தெரியும். மஞ்சள்கரைசலில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். மஞ்சள் வெயிலில் வெளிறும் என்பதால் அந்தப் படங்களை நிழலில் வையுங்கள். மெழுகுதிரியால் கீறி மேலே தண்ணி மை பூசினால், மெழுகு பட்ட இடத்தில் மை ஒட்டாது. சித்திரக் கொப்பித் தாள் மெல்லிசு, தண்ணி பட்டால் சுருளும். பழைய அட்டைப்பெட்டி தாங்கும்.

களிமண்ணில்தான் பிள்ளைகள் அதிகம் அழுவார்கள். குளத்து மண்ணை அப்படியே கொடுத்து, செய்த யானையை வெயிலில் வைத்தால் பின்னேரத்துக்குள் கால் கழன்றுவிடும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதனால்தான் வெடிக்கிறது. முதல் நாளே கல், வேர் எடுத்து நன்றாகப் பிசைந்து ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். உருவம் விரல் தடிப்புக்கு மேல் போகாமல் இருக்கட்டும். காலையும் உடலையும் ஒட்டும் இடத்தை ஈர்க்கால் கீறி, தண்ணியில் கரைத்த களியைப் பூசி அழுத்துங்கள். நிழலில் காய விடுங்கள். புற்றுமண் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம், பாம்பு இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று எங்கள் முன்னால் இருக்கும் சின்னப் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். யாரோ பார்க்க வருகிறார்கள் என்பதற்காக "உங்கட வீட்டுக் கவலையைக் கீறுங்கோ" என்று கேட்பது அநியாயம். அதைப் படம் பிடித்துக் கொடுப்பது அதைவிட அநியாயம். ஆனால் கேட்காமலே ஒரு பிள்ளை அப்படி ஒன்றைக் கீறினால் தடுக்காதீர்கள், விளக்கம் கேட்டு நெருக்காதீர்கள். "சொல்ல விருப்பமெண்டால் சொல்லு" என்று பக்கத்தில் இருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்தப் படம் சுவருக்குப் போகக் கூடாது.

மற்றப் படங்கள் எல்லாமே சுவருக்குப் போகட்டும். வடிவான ஐந்தை மட்டும் தெரிந்து, அதையும் பெரியாட்களின் தலை உயரத்தில் ஒட்டிவிட்டுப் போகிறோம். கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் போட்டு, பிள்ளைகளின் கண் உயரத்தில் தொங்க விடுங்கள். ஐப்பசியில் சாரல் அடிக்கத் தொடங்கினால் தாளுக்கு இடையில் பத்திரிகைத் தாள் வைத்துக் கட்டி, அவரவர் படத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.