அந்தக் கொட்டான நான் பிரிச்சிருக்கக் கூடாது: சின்னப் புள்ளைகளோட வேலை பண்றப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் எங்க சாயங்கால வகுப்புக்கு ரெண்டு காலேஜ் பொண்ணுங்க புதுசா வந்தாங்க. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல ஒரு கடலோர ஊரு எங்களது, அஞ்சு மணிக்கு மேல 4 வயசுலேர்ந்து 8 வயசு வரைக்கும் இருபது இருபத்தஞ்சு புள்ளைக கூடும், கதை வாசிக்கிறது, ஓலை பேப்பர் வச்சு எதாவது செய்றது, சனிக்கிழமைன்னா சமையல், இவ்ளோதான் எங்க சிலபஸ். வந்த பொண்ணுங்க நல்ல பொண்ணுங்கதான், புள்ளைகமேல அவ்ளோ பாசம், ஆனா முத வாரத்துலயே நான் பத்து வருஷம் முன்னாடி பண்ணின கூத்த ஒண்ணு விடாம திரும்ப பண்ணிட்டாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு.

அடிக்காதீங்க, அடுத்த வீட்டுப் புள்ளையோட ஒப்பிடாதீங்க, அடுப்புகிட்ட தனியா விடாதீங்க, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. தெரியாதவங்க யாரும் இல்ல. புள்ளைக்குத் தன்னம்பிக்கை வரணும்னு நெனச்சு நல்ல மனசோடயே பண்ற தப்பு சிலது இருக்கு, அதத்தான் எழுதுறேன்.

"கெ"ன்னதும் பாஞ்சு திருத்துறது

தமிழ் வாசிக்க ஆரம்பிக்கிற புள்ளைக்கு "கொ" ஒரு சின்ன கண்ணி. முன்னாடி கொம்பு, நடுவுல க, பின்னாடி கால். புள்ள இடப்பக்கத்துலேர்ந்து வருது, கொம்பையும் க-வையும் பாத்து "கெ..."ன்னு ஆரம்பிச்சிரும், அப்புறம் கால் கண்ணுல படும், ஒரு நிமிசம் முழிக்கும், திரும்பப் போய் "கொ... கொக்கு!"ன்னு தானே சரி பண்ணிக்கும். அந்த முழிக்கிற நேரம்தான் வாசிப்பே. நாம அது "கெ"ன்னதும் "கெ இல்லடி, கொ, கொ"ன்னு விழுந்துர்றோம். நாலு நாள் இப்படிப் பண்ணுங்க, அஞ்சாவது நாள் புள்ள புத்தகத்தப் பாக்காது, உங்க வாயப் பாக்கும். மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு வாயத் தொறங்கன்னு புதுசா வந்த பொண்ணுககிட்ட சொன்னேன், அவங்க ரெண்டு எண்றதுக்குள்ள தொறந்தாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ர-வும் ற-வும், ல-வும் ழ-வும் உச்சரிக்கிறது கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா கதை முடியற வரைக்கும் விட்ருங்க. கதையில கொக்கு மீன வெரட்டுற எடத்துல போய் இலக்கணமா.

இன்னொண்ணு, புத்தகத்தப் பிடுங்குறது. அரசாங்கத்தோட வாசிப்பு இயக்கப் புத்தகங்கள நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க, அழகான பேரு. மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் "நுழை" புத்தகத்த எடுத்தா "அது சின்னப் புள்ளைகளுக்குடா"ன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் எப்பவும் பக்கத்துல நிக்கும். அவன் அத மூணு தடவ வாசிச்சு, மனப்பாடமாகி, தம்பிக்கு வாசிச்சுக் காமிச்சு பெரிய மனுசன் ஆகப் பாக்குறான், அது அவன் கணக்கு.

எதுக்கெடுத்தாலும் சூப்பர்

கோடு போட்டா சூப்பர், வெங்காயம் உரிச்சா சூப்பர், மூக்க சிந்துனாக் கூட சூப்பர். புள்ளைக முட்டாள் இல்ல, மூணு நாள்ல அந்த வார்த்தைக்கு வெல போயிரும். அதவிட மோசம் "நீ அறிவாளிடா". 1998ல அமெரிக்காவுல கிளாடியா முல்லர், கரோல் டுவெக்னு ரெண்டு பேரு அஞ்சாங்கிளாஸ் புள்ளைகள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, புதிர் போட்டு முடிச்ச கொஞ்சம் பேர அறிவாளின்னு பாராட்டுனாங்க, கொஞ்சம் பேர நல்லா உழைச்சேன்னு பாராட்டுனாங்க. அறிவாளிப் பட்டம் வாங்குனதுக அடுத்தாப்ல சுளுவான புதிராப் பாத்து எடுத்துச்சுக, நடுவுல கஷ்டமானது வந்து தோத்ததும் அதுக்கப்புறம் சுளுவானதுலயே சறுக்குச்சுக, எத்தன சரின்னு கேட்டா கூட்டிச் சொன்னதும் அதுகதான் அதிகம். பட்டத்தக் காப்பாத்தணும்ல, பாவம்.

நான் இப்ப பாராட்டுறதே கொறைவு, பாத்தத சொல்றேன். "இந்த எடத்துல ஓலை ஒடிஞ்சிருச்சு, நீ வேற ஓலை சொருகிட்ட." அம்புட்டுதான். புள்ளைக்கு மொகம் மலரும் பாருங்க.

ஸ்டார் ஸ்டிக்கர்

ஆசையா படம் போட்டுக்கிட்டிருந்த நர்சரி புள்ளைககிட்ட, வரைஞ்சா சர்டிபிகேட் தர்றோம்னு முன்கூட்டியே சொல்லிப் பாத்தாங்க, 1973ல வந்த ஒரு ஆராய்ச்சியில. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அதுக தானா வரைஞ்ச நேரம் மத்த புள்ளைக வரைஞ்சதுல பாதிதான். எங்கிட்ட மிச்சம் இருந்த ஸ்டிக்கர் அட்டைய டப்பா மூடியில ஒட்டிட்டேன்.

நாமளே முடிச்சுக் கொடுக்கிறது

இதுக்குத்தான் இம்புட்டு எழுத உக்காந்தேன்.

எங்க வகுப்புல அப்ப ஒரு புள்ள இருந்தா, 6 வயசு. அம்மா கடல்பாசிக்குப் போறவங்க, அப்பா விசைப்படகு, வீட்ல அப்பத்தா பனையோலைப் பெட்டி முடையும். அத பாத்துப் பாத்து இவளுக்கும் கை ஊறும். பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்து விழாவுல கைவேலை கண்காட்சி வக்கிறாங்க, உங்க புள்ளைக செஞ்சதும் குடுங்கன்னு கேட்டாங்க. இவ ஒரு கொட்டான், அதான் சின்ன ஓலைப்பெட்டி, முடையிறேன்னா.

ஓலை வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், குருத்தோலைய வெயில்ல காய வச்சு, ஈர்க்க உருவி, ஒரே அகலத்துக்கு வார்ந்து எடுக்கணும், முடையுறப்ப தண்ணி தெளிச்சு பதமா வச்சுக்கணும், காஞ்சா படக்குன்னு ஒடியும். அடிப்பாகம் முடையுறது பெருசில்ல, மூலை திருப்பி மேல ஏத்துற எடம்தான் வெவகாரம், பெரியவங்களுக்கே கை வலிக்கும். இந்தப் புள்ள நாலு சாயங்காலம் உக்காந்து, நாக்க நீட்டிக்கிட்டு, மூணு தடவ பிரிச்சு, மூணு மூலைய திருப்பிட்டா. நாலாவது மூலை தூக்கிக்கிச்சு. கொட்டான் ஒரு பக்கமா சாஞ்சு நின்னுச்சு. அவளுக்கு அதுல கவலையே இல்ல, "கரையேத்துன வள்ளம் மாதிரி இருக்குல்ல டீச்சர்"ன்னு நாலு பேருகிட்ட காமிச்சா.

எனக்குத்தான் பொறுக்கல. மறுநாள் கண்காட்சி, நாலு பெரிய மனுசங்க வருவாங்க, நம்ம வகுப்புப் பேரு என்னாகும்னு ஒரு அரிப்பு. ராத்திரி சாப்ட்டு உக்காந்து அந்த மூலைய பிரிச்சேன், பிரிச்சா அடுத்த மூலையும் தளர்ந்துச்சு, சரின்னு முக்காவாசிய பிரிச்சு நேரா முடைஞ்சு, வாய்க்கு மடிப்பும் போட்டு வச்சுட்டேன். அவளுக்கு நல்லது பண்றோம்னுதான் சத்தியமா நெனச்சேன்.

மறுநாள் எல்லாரும் எடுத்து எடுத்துப் பாத்தாங்க. யாருப்பா முடைஞ்சதுன்னு கேட்டு இவள முன்னாடி கூப்ட்டாங்க. இவ கொட்டானப் பாத்தா, என்னப் பாத்தா. "டீச்சர் முடைஞ்சது"ன்னா. கோவமா இல்ல, சும்மா, ரோட்ல கெடக்குற யாரோட செருப்பையோ காமிக்கிற மாதிரி. ஏதோ வெக்கத்துல சொல்றான்னு கைதட்டி ஒரு பென்சில் டப்பாவ கையில குடுத்தாங்க, அத அங்கயே நாற்காலியில வச்சுட்டு வந்துட்டா.

அதுக்கப்புறம் ஏழு மாசம் ஓலையத் தொடல. ஏழு மாசம்! காகிதத்த குடுத்தா திருப்பி நீட்டுவா, "நீங்களே மடிச்சுத் தாங்க". கதை வாசிக்கச் சொன்னா மொத வார்த்தையிலயே நிறுத்தி என் வாயப் பாப்பா. கொட்டான்ல நான் பண்ணினது கொட்டானோட நிக்கல, நீ செய்றது பத்தாது, கடைசியில பெரியவங்கதான் சரி பண்ணுவாங்கன்னு நான் ஒரே ராத்திரியில பாடம் எடுத்து முடிச்சிட்டேன். அவ அப்பத்தா விசயம் கேள்விப்பட்டு என்னைய கேட்டது இன்னும் காதுல நிக்குது: "ஏத்தா, பெட்டி சாஞ்சிருந்தா மீனு கொட்டிப் போயிருமா?"

அவ திரும்ப ஓலைய எடுத்தது ஆடி காத்துல. எங்க பக்கம் ஓலைக் காத்தாடி செஞ்சு சீமைக்கருவேல முள்ளுல குத்திக்கிட்டு கடக்கரையில ஓடுவாங்க புள்ளைக. யாரோ ஒரு பையனோடது சுத்துச்சு, இவளுக்கு வேணும்னு தோணிருச்சு. செஞ்சா சுத்தல. எங்கிட்ட கொண்டு வரல, ஏன்னா காத்து டீச்சர் சொன்னா கேக்காதுல்ல. ஓட்டைய கொஞ்சம் பெருசாக்குனா, ஒரு இதழ கிள்ளுனா, முள்ள மாத்துனா, சுத்துச்சு. சுத்துனத யாரும் சூப்பர்னு சொல்லல, அவளுக்கும் தேவைப்படல. ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியல்காரர் 1977லயே எழுதியிருக்காரு, என்னால முடியும்ங்கிற நெனப்பு அடுத்தவங்க சொல்லி வர்றதவிட தானே செஞ்சு முடிச்ச அனுபவத்துலேர்ந்துதான் பலமா வரும்னு. நான் அத வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காத்தாடியப் பாத்துட்டேன்.

இத ஏன் இன்னும் எரிச்சலா சொல்றேன்னா, இப்ப இது முன்னவிட அதிகம். வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வக்கணும், போட்டோவுல நேரா தெரியணும். பள்ளிக்கூடத்து புராஜக்ட்ன்னா வீட்ல பெரியவங்க ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் தெர்மாகோல் வெட்டுறாங்க, புள்ள தூங்குது. போன வாரம் நம்ம புதுப் பொண்ணு ஒருத்தி 4 வயசுப் பையன் கையிலேர்ந்து கத்திரிய வாங்குனா, "குடு தம்பி, அக்கா நேரா வெட்டித் தர்றேன்". அந்த வயசுல நேர்கோடு வெட்டுனாலே பெருசு, வட்டமெல்லாம் இன்னும் கொஞ்சம் வயசாகணும், அவன் வட்டம் உருளைக்கெழங்கு மாதிரி இருந்துச்சு, இருக்கட்டுமே.

அப்ப உதவியே பண்ணக் கூடாதான்னு கேக்குறாங்க. பண்ணுங்க, ஆனா புள்ள கையில குடுக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க. ஓலைய மெல்லிசா வாராம ரெண்டு வெரல் அகலத்துக்கு வார்ந்து குடுங்க, நல்லா நனைச்சு குடுங்க, அடிய நீங்க முடைஞ்சு ஆரம்பிச்சு குடுங்க, கொட்டான விட்டு பாய்த்துண்டு முடையச் சொல்லுங்க. அதுக்கு மேல காமிக்கணும்னா உங்களுக்குன்னு தனி ஓலை எடுத்து பக்கத்துல உக்காந்து முடைங்க, பாக்குறது பாக்கட்டும். அவ ஓலையில உங்க வெரல் படக் கூடாது. நான் இப்பல்லாம் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டுதான் சுத்துறேன், போலீஸ் பிடிச்ச மாதிரி இருக்குன்னு புள்ளைக கேலி பண்ணும்.

சமையல்னு கூப்ட்டு வேடிக்கை பாக்க வக்கிறது

புள்ளைய சமையல் மேடையில ஏத்தி நிக்க வச்சுட்டு, கடைசியில கொத்தமல்லி தூவ விடுறதுக்குப் பேரு சமையல் இல்ல. வேல குடுங்க. நெத்திலிக்கு கத்தியே வேணாம், தலையக் கிள்ளுனா கொடலும் சேந்து வந்துரும், எங்க 6 வயசுப் புள்ளைக ஒரு கிண்ணம் நெத்திலிய நான் பாதி முடிக்கிறதுக்குள்ள முடிச்சுரும். நான் உள்ளூர்க்காரி இல்ல, கல்யாணமாகி வந்தவ, "டீச்சருக்கு நெத்திலி கிள்ளத் தெரியாது"ன்னு அதுக எனக்கு சொல்லிக் குடுத்த அன்னிக்கு வகுப்புல இருந்த நிமிர்வு எந்தக் கதப் புத்தகத்துலயும் வரல.

கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை பண்றோம். சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டி வரும், அத தட்டுறது புள்ளைக, சூடான தண்ணியில கரைக்கிறது நான், வடிகட்டுறது சேந்து, ஏன்னா அடியில மண்ணு நிக்கும், அத பாக்குறதுல அதுகளுக்கு அப்படி ஒரு குஷி. மாவுல பாகு ஊத்துறதும் அதுகதான். மொத வருசம் ஒரு குரூப்பு அப்படியே கவுத்திருச்சு, கொழுக்கட்டை கூழாகிப் போச்சு. நான் பேசாம இருந்தேன், பேசாம இருக்க என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். ஓலையில நிக்காம ஒழுகுனத கிண்ணத்துல ஊத்தி வழிச்சுத் தின்னாங்க. அடுத்த வருசம் அதே புள்ளைக "கரண்டி கரண்டியா ஊத்துங்கடி"ன்னு சின்னதுகள அதட்டுனத கேட்டேன்.

சிப்பி வேலைன்னு பவளம் பொறுக்குறது

பவளப்பாறையும் கடல்விசிறியும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, மன்னார் வளைகுடாவுல உக்காந்துக்கிட்டு அத புள்ளைய விட்டுப் பொறுக்கச் சொல்லாதீங்க, கரையில ஒதுங்குனதா இருந்தாலும்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு

வேணாம்.

நாமளே கூட்டிப் பெருக்குறது

செஞ்சவங்க கூட்டட்டும். பாதி குப்பை அங்கயேதான் கெடக்கும். கெடக்கட்டும், அவங்க போனப்புறம் கூட்டிக்கலாம்.

பெத்தவங்களுக்கு கிளாஸ் எடுக்கிறது

காலையிலேர்ந்து பாசிக்குப் போயிட்டு உப்புத் தண்ணியில ஊறுன கையோட வந்த ஒரு அம்மாகிட்ட, புள்ளைய தானே சாப்ட விடுங்க, தானே ஜடை போட விடுங்கன்னு ஒரு தடவ அரமணி நேரம் பேசுனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி டீச்சர், காலையில நீங்க வந்து நில்லுங்க, பஸ்ஸ நிறுத்தி வைங்க"ன்னுட்டாங்க. நியாயம்தான். அன்னியோட பேச்ச விட்டுட்டேன்.

இப்ப வேற மாதிரி. தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாக்க கரையில இருப்பாங்க, வலைய எடுத்துக்கிட்டு எங்க வகுப்புத் திண்ணையில வந்து உக்காந்து வேல பாருங்கன்னு மட்டும் கூப்டுவேன், சொல்லிக் குடுக்கவெல்லாம் வேணாம். இந்த வருசம் ஒரு பையன் அவங்கப்பா வலை ஊசிய எடுத்து கிழிஞ்ச எடத்துல பின்ன ஆரம்பிச்சான். அப்பா வெடுக்குன்னு பிடுங்குனாரு, அப்புறம் நான் கைய பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்தாரோ என்னமோ, "வலை நாசமாப் போகும் டீச்சர்"ன்னு முனகிக்கிட்டே ஒரு மூலைய அவங்கிட்ட தள்ளிவிட்டாரு. அந்த மூலை பூரா முடிச்சு முடிச்சாத்தான் இருக்கு. அத பிரிக்காமயே கடலுக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு.