பெரிய பகா எண்ணைக் கைக்கணக்கிலேயே சோதிக்கும் முறை

வேலூர்த் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடான 632001 பகா எண்ணா என்று கேட்டால், இலக்கங்களின் கூட்டுத்தொகை 12 என்பதால் அது 3 ஆல் வகுபடும் என்று, காட்பாடியில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நொடியில் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு எளிதில் பிடிபடாத ஆறு இலக்க எண்ணாக இருந்தாலும், ஆயிரத்துக்குள் உள்ள 168 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். ஆனால் 2¹²⁷ − 1 என்பது 39 இலக்கங்கள் கொண்டது. அங்கே இந்த வழி பயன்படாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876 இல் அதைப் பகா எண் என நிறுவிய முறையை, பின்னர் அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் எளிமைப்படுத்தினார். கணிதத்தில் இதைவிட அழகான சோதனையை நான் கண்டதில்லை.

2¹²⁷ − 1 போல, 2 ஐ ஏதாவது ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1 ஐக் கழித்துக் கிடைக்கும் எண்களுக்கு மட்டுமே இது பொருந்தும். முதலில், அந்த அடுக்கு 2 ஐவிடப் பெரிய பகா எண்தானா என்று பாருங்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் சோதனையே வேண்டாம், சோதிக்கும் எண்ணும் பகு எண்தான். பிறகு 4 இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள் முடிந்ததும் மீதி 0 என்றால் அது பகா எண். வேறு எதுவாக இருந்தாலும் பகு எண்.

2⁷ − 1, அதாவது 127 ஐ எடுத்துக்கொள்வோம். இதற்கு 5 படிகள் வேண்டும். தொடக்கத்தில் எழுதும் 4 ஐ ஒரு படியாக எண்ணிவிடுவதுதான் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை. முதல் படியில் 14 வரும். அடுத்ததில் 194, அதன் மீதி 67. மூன்றாவதில் 67 இன் வர்க்கமான 4489 இலிருந்து 2 போக 4487. இதை 127 ஆல் வகுக்கத் தேவையில்லை. 128 ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினாலே போதும்: ஈவு 35, மீதி 7, ஆகவே 42. (இரும எண்ணில் 128 ஆல் வகுப்பது இலக்கங்களை இரண்டாக வெட்டுவதுதான் என்பதால், கணினிக்கும் இதுவே பெரும் வசதி.) நான்காவதில் 1762, ஈவு 13, மீதி 98, கூட்டினால் 111. ஐந்தாவதில் 12319, ஈவு 96, மீதி 31, கூட்டினால் 127, அதாவது 0.

அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 ஆகிய 2047 க்கு ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சும். அது 23 × 89. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணையும் இதே சோதனையால்தான் உறுதிப்படுத்தினார்கள். படிகள் மட்டும் 13,62,79,839.

பழகிப் பார்க்க 8191 ஐ, அதாவது 2¹³ − 1 ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11 படிகள். மூன்றாம் படியில் 4870 உம் பத்தாம் படியில் 128 உம் வந்தால் கணக்கு சரியாகப் போகிறது.